தரையிலிருந்து 13 அங்குலம்

ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இரவு ஊஞ்சலை மூன்றாவது முறையாக மாட்டி முடித்தேன். சின்னவள் தன் கோலிக்குண்டைப் பலகையின் நடுவில் வைத்துவிட்டு, தாடையைப் பலகை விளிம்பில் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன தடவை அந்தக் குண்டு நேராக வலது மூலைக்கு ஓடிக் கீழே விழுந்தது. இந்தத் தடவை அசையவில்லை. "நிக்குதுப்பா!" என்று அவள் கத்தியதும் பெரியவள் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

சித்திரையில் தொடங்கிய வேலை. மொத்தச் செலவு 11,914 ரூபாய். அதில் ஆயிரத்துச் சொச்சம் என் தப்புகளுக்குக் கொடுத்த விலை. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஊஞ்சல் போட நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

தூளியில்தான் ஆரம்பம். எங்கள் திருச்சி வீட்டுக் கூடத்தில், தளம் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டிப் பதித்த ஒரு வளையம் உண்டு. இரண்டு பெண்களும் அதில் தொங்கிய தூளியில் தூங்கி வளர்ந்தவர்கள்தான். பெரியவளுக்கு இப்போது 7 வயது, சின்னவளுக்கு 4. சின்னவள் தூளியை விடவே இல்லை. பள்ளி விட்டு வந்ததும் அதற்குள் ஏறி, சேலையை இழுத்து மூடிக்கொண்டு, "பாப்பா இல்லை" என்று உள்ளிருந்து குரல் கொடுப்பாள். நான் கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், குளிர்பதனப் பெட்டிக்குள் எல்லாம் தேட வேண்டும். தூளி குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். வேலை முடிந்து வந்ததும் எனக்குக் கிடைக்கும் முதல் சத்தம் அதுதான்.

சித்திரைப் பிறப்புக்கு நாலு நாள் கழித்து, 15 கிலோ தங்கையோடு 22 கிலோ அக்காவும் உள்ளே ஏறிக்கொண்டாள். என் மனைவியின் பழைய சுங்குடிச் சேலை நடுவில் பர்ரென்று கிழிந்தது. கீழே மெத்தை கிடந்ததால் அடி படவில்லை. ஆனால் சின்னவள் தூங்கப் போகும்வரை கிழிசலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். "ஊஞ்சல் போடலாமாடா?" என்று கேட்டேன். "பெரிசா?" என்றாள். "பெரிசா." "அக்காவும் நானுமா?" "அம்மாவும் அப்பாவும்கூட." அப்புறம்தான் தூங்கினாள். சொல்லிவிட்டேன், இனிச் செய்தாக வேண்டும்.

பலகைக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தா வீட்டில் ஒரு பத்தாயம் இருக்கிறது. நெல் கொட்டி வைப்பது நின்று பல வருடம் ஆயிற்று. பெரியப்பாவிடம் கேட்டபோது, "கரையான் திங்கறதுக்குப் பிள்ளைங்க ஆடட்டும், எடுத்துக்கடா" என்றார். பலாப்பலகை. ஒவ்வொன்றும் ஆறடி நீளம், பத்தரை அங்குல அகலம், ஒன்றேகால் அங்குல கனம். அகலத்தில் நல்லதாக இரண்டும், குறுக்குச் சட்டத்துக்கு ஒடுக்கமாக ஒன்றும் கழற்றினேன். உளியை விட்டு நெம்பாமல், ஆணித் தலையைச் சுற்றித் தட்டித் தட்டிக் கழற்றினால் பலகை பிளக்காது. ஒரு பகல் முழுக்க அதற்கே போனது.

திருச்சிக்குத் தேங்காய் ஏற்றி வந்த வண்டியில் 600 ரூபாய்க்குப் பலகைகள் வந்தன. "குட்டி யானையில வருது" என்று நான் போனில் சொன்னதைச் சின்னவள் கேட்டுவிட்டாள். ஊரில் அந்தச் சின்ன லாரிக்கு அதுதான் பெயர் என்று அவளுக்குத் தெரியாது. வாசலில் வாழைப்பழத்தோடு நின்றிருந்தாள். வண்டி வந்து நின்றது. அவள் முகம் போன போக்கைப் பார்த்த ஓட்டுநர், கீழே இறங்கி வந்து, "யானை சாப்பிடாது பாப்பா, யானைக்காரன் சாப்பிடுவேன்" என்று பழத்தை வாங்கி அவள் எதிரிலேயே உரித்துத் தின்றார். இன்றுவரை அவர் அவளுக்கு யானை மாமாதான்.

முதல் தப்பு மரப்பட்டறையில் நடந்தது. பலகையைச் சுத்தமாகத் துடைத்து, கண்ணுக்குத் தெரிந்த ஆணிகளைப் பிடுங்கி, இழைப்பு இயந்திரத்தில் கொடுத்தேன். இரண்டாவது ஓட்டத்திலேயே டக் என்று ஒரு சத்தம். தலை முறிந்த பழைய ஆணி ஒன்று மரத்துக்குள் புதைந்திருந்து பிளேடைத் தின்றுவிட்டது. பிளேடுக்கு 350 ரூபாய் கொடுத்துவிட்டுப் பலகையை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை என்னால் மறக்க முடியாது. பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து காந்தத்தைக் கழற்றி நூலில் கட்டி, பெரியவள் கையில் கொடுத்தேன். பலகைக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் மெதுவாக நகர்த்திப் போக வேண்டும். எங்கே காந்தம் இழுக்கிறதோ அங்கே சின்னவள் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். "இங்க ஒரு திருடன்!" என்பாள் அக்கா. தங்கை வட்டம் போட்டுவிட்டு அதற்கு மீசையும் வரைவாள். இரண்டு மணி நேரத்தில் 11 திருடர்கள் மாட்டினார்கள். நான் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்க, சின்னவள் அவற்றை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி, "ஜெயில்" என்று அக்காவை எழுதவைத்து ஒட்டினாள். பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது. காந்தத்தை முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். பழைய மரம் வாங்குகிறவர்கள் பட்டறைக்குப் போகுமுன் இதை ஒரு தரம் செய்துவிடுங்கள்.

இரண்டாம் முறை இழைத்தபோது மேல்கறுப்பு போய், உள்ளே பலாச்சுளை மாதிரி மஞ்சள் வந்தது. காற்றுப் பட்டால் சில மாதத்தில் மறுபடி பழுப்பாகிவிடும் என்று பட்டறைக்காரர் சொன்னார். இழைப்புக் கூலி 400. ஒவ்வொரு பலகையும் ஒன்பதரை அங்குல அகலமாகவும், ஒன்றே அரைக்கால் அங்குல கனமாகவும் நின்றது. இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்தால் 19 அங்குலம். நீளத்தை 54 அங்குலமாக அறுத்தேன். பெரியவர் இருவர், நடுவில் குழந்தைகள் இருவர் நெருங்கி உட்காரலாம். இதை நாலு நாற்காலிகளை ஒட்டிப்போட்டு எல்லோரும் உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு செய்தோம்.

ஒட்டுவதற்கு என்னிடம் பெரிய கிளாம்ப் இல்லை. பக்கங்களில் ஆறு அங்குலத்துக்கு ஒரு மரக்குச்சி வீதம் அடித்து, பசை தடவி, பலகைகளைச் சுற்றி மூன்று இடத்தில் கயிறு கட்டி, கயிற்றுக்குள் ஆளுக்கொரு மரக்கரண்டியைச் செருகி முறுக்கினோம். முறுக்க முறுக்க இடுக்கிலிருந்து பசை முத்து முத்தாக வெளியே வரும். அது சீராக வந்தால் ஒட்டு சரி. ஈரத்துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். காய்ந்தபின் எண்ணெய் அந்த இடத்தில் ஏறாது. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டேன். அன்று இரவு சமையலுக்குக் கரண்டி இல்லை. தயிர்சாதத்தைக் கையால் பிசைந்து, கையால் உருட்டி, கையில் வாங்கிச் சாப்பிட்டோம். மறுநாளும் கரண்டியைக் கட்டிப் போடச் சொன்னாள் சின்னவள்.

அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்கள், ஓரத்திலிருந்து 5 அங்குலம் உள்ளே தள்ளி. மூலைகளை வளைக்க எந்த வட்டம் எடுப்பது என்ற பேச்சு வந்தபோது, சின்னவள் தன் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். 7 அங்குலத் தட்டு. நாலு மூலையிலும் அதைக் கவிழ்த்து பென்சிலால் கோடு போட்டு அறுத்தேன். ஓடிவந்து இடித்துக்கொண்டாலும் குத்தாத வளைவு. நான் மனதில் வைத்திருந்ததைவிட அதுதான் சரியாக இருந்தது.

உப்புத்தாள் 80, 120, 220 என்று மூன்று தரம். கையால் தடவிப் பார்த்தால் போதாது. கொஞ்சம் பஞ்சை எடுத்து விளிம்பு முழுக்க இழுத்துக்கொண்டே போக வேண்டும். சிராய் இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். இந்த வேலையைப் பெரியவளிடம் கொடுத்தேன். எனக்கு மழமழவென்று இருந்த பலகையில் அவள் 9 இடம் கண்டுபிடித்தாள். கடைசியில் ஆளிவிதை எண்ணெய், நாளுக்கொன்றாக மூன்று பூச்சு. பூசிய துணிகளைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள்; இந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், குவிந்து கிடந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். நான் கொடியில் விரித்துக் காயவைத்துத்தான் குப்பையில் போட்டேன். பசை, உப்புத்தாள், எண்ணெய் எல்லாம் சேர்த்து 780 ரூபாய். பலகையின் எடை 13 கிலோ 400 கிராம்.

அடுத்து மேலே.

தூளி வளையம் ஒன்றே ஒன்றுதான், ஊஞ்சலுக்கு உதவாது. ஒரு நாள் வாடகைக்கு ஹேமர் டிரில் எடுத்து, தளத்தில் நாலு துளை போட்டு, விரிந்து பிடிக்கும் ஆங்கர் கொக்கிகளை முடுக்கினேன். மின்விசிறிக்குப் போகும் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சுவிட்சுப் பெட்டியிலிருந்து கணக்குப் பார்த்துத் தள்ளித்தான் துளைத்தேன், அதுவரை சரி. ஒரு துளையில் ஒன்றரை அங்குலத்திலேயே கம்பி தட்டியது. பக்கத்தில் இன்னொரு துளை போட்டேன். அதில் ஆங்கர் முடுக்க முடுக்கச் சுற்றிக்கொண்டே இருந்து, பிறகு இறுகியது போலத் தெரிந்தது. இறுகியது போலத் தெரிந்ததை நான் நம்பியிருக்கக் கூடாது.

நல்லவேளையாக, முதல் முறை மாட்டியதும் குழந்தைகளை ஏற்றவில்லை. ஒவ்வொரு கொக்கியின் அடியிலும் தளத்தை ஒட்டிப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு, 26 கிலோ அரிசி மூட்டை இரண்டு, 20 லிட்டர் தண்ணீர் கேன் நாலு, ஆக 132 கிலோ ஏற்றிக் கட்டி, ஒரு மணி நேரம் ஆட்டினேன். பெண்கள் இருவரும் கதவோரத்தில் நின்று, "அரிசி ஆடுது, தண்ணி ஆடுது" என்று பாட்டுக் கட்டினார்கள். இரவு முழுக்கப் பாரத்தை விட்டுவைத்தேன். காலையில் ஏணியில் ஏறிப் பார்த்தால், அந்தச் சுற்றிய கொக்கிக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தது. கார்டின் கனம்தான். ஆனால் ஒரே இரவில். அன்றே நாலையும் கழற்றிவிட்டேன். வாடகையும் கொக்கியும் சேர்த்து 760 ரூபாய் வீண்.

பெரியவள் அழவில்லை. "அரிசி மேல விழுந்தா பரவாயில்ல, பாப்பா மேல விழுந்தா?" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அவள் அப்படிச் சொன்னபின் எனக்கு அவசரம் போய்விட்டது.

பிள்ளைகளின் மாமா சிவில் படித்தவர், வந்து பார்த்தார். "ஆடுற பாரத்தைத் தளத்துல ஆங்கர்ல விடாதீங்க மச்சான், ஆட ஆட இளகும். உங்க வீடு சுவர் தாங்குற வீடு, ரெண்டு பக்கமும் 9 அங்குலச் சுவர். இரும்பு கர்டர் ஒண்ணைச் சுவருக்குச் சுவர் போட்டு அதுல தொங்க விடுங்க" என்றார். ஒரே கர்டர் போதும். இரண்டு பிடிப்புகள், ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு சங்கிலிகள் விரிந்து பலகையின் முன்னும் பின்னும் இறங்கும். 4 அங்குல ஐ கர்டர், 11 அடி 9 அங்குலம் வெட்டி வாங்கினேன். 39 கிலோ, கிலோ 66 ரூபாய், ஆக 2,574.

கூடத்தின் அகலம் 11 அடி. இரண்டு சுவரிலும் நாலரை அங்குல ஆழத்துக்குக் குழி வெட்டி, கர்டரின் இரு முனையையும் அதில் உட்கார வைக்க வேண்டும். சனிக்கிழமை நானே உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, தூக்குக்குண்டு பிடித்து, மட்டக்குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்து, இரண்டு குழிகளையும் வெட்டினேன். ஞாயிறு காலை கொத்தனாரும் உதவியாளரும் வந்தார்கள். கர்டரைத் தோளில் வைத்துத் தூக்கியதும் கொத்தனார் அப்படியே நின்றுவிட்டார். "சார், இது உள்ள எப்படிப் போகும்?" சுவருக்குச் சுவர் 11 அடி, கர்டர் அதைவிட 9 அங்குலம் நீளம். இரண்டு குழியும் நாலரை அங்குலம் என்றால் எந்தப் பக்கமிருந்தும் நுழையாது. ஒரு பக்கம் சுவரை முழுக்கத் துளைத்து 9 அங்குலம் உள்ளே தள்ளி, மறுமுனையை எதிர்க்குழிக்கு நேராகப் பிடித்து, நாலரை அங்குலம் திரும்ப இழுக்க வேண்டும். ஒரு காகிதத்தில் வரைந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

அந்த முழுத்துளை படுக்கையறைப் பக்கம் திறந்தது. கொத்தனார் சாப்பிடப் போன நேரத்தில் கூடத்தில் அக்காவும் படுக்கையறையில் தங்கையும் நின்றுகொண்டு, மேலே பார்த்து, "ஹலோ, பாப்பா வீடா?" "ஆமா, நீங்க யாரு?" "நான் உங்க அக்கா பேசறேன்" என்று தொலைபேசி விளையாட்டு. கதவு திறந்துதான் கிடந்தது. ஆனால் ஓட்டை வழியாகப் போகும் குரலுக்குத் தனி மதிப்பு. துளையை அடைக்கும்போது சின்னவள் கடைசியாக ஒரு முறை, "வச்சுடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

குழிகளில் சல்லிக் கலவை போட்டு அடைத்ததும், ஏழு நாள் தண்ணீர் காட்டச் சொன்னார் கொத்தனார். பாட்டில் மூடியில் துளை போட்டு, கழியில் கட்டி, காலை மாலை நான் சின்னவளைத் தோளில் தூக்கிக்கொள்ள அவள் பீய்ச்சுவாள். மறுபக்கம் பெரியவள் முக்காலியில் ஏறி நின்று பீய்ச்சுவாள். மூன்றாம் நாள் சின்னவள் கேட்டாள்: "எப்பப்பா முளைக்கும்?" தண்ணீர் ஊற்றினால் ஊஞ்சல் அதுவாகச் சுவரிலிருந்து இறங்கி வரும் என்று அவள் நினைத்திருக்கிறாள். "அடுத்த வார வெள்ளிக்கிழமை" என்றேன். தினமும் தோளில் ஏறியதும் முதலில் குழியை எட்டிப் பார்ப்பாள். அந்த ஏழு நாளில் என் சட்டைக் காலர் ஒன்றும் காயவில்லை. கூலி 1,900, சிமென்ட் சல்லி 250, கர்டருக்குப் பெயின்ட் 220.

இரண்டாவது முறை மாட்டியது அந்த வெள்ளிக்கிழமை. அதே 132 கிலோ, அதே பென்சில் கோடு, இரண்டு இரவு. எதுவும் நகரவில்லை. பிறகு நான் ஏறினேன், அப்புறம் மனைவி, அப்புறம் பெண்கள். பாரம் சரியாகிவிட்டது. மற்றதெல்லாம் தப்பு.

சத்தம். பிடிப்பில் வளையத்துக்குள் வளையம், இரும்பும் இரும்பும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிரீச். தேங்காய் எண்ணெய் விட்டேன். இரண்டு நாளில் துரு கலந்து, பழுப்புத் துளியாகப் பெரியவளின் வெள்ளைச் சீருடையில் சொட்டியது. அதற்கு மேல் எண்ணெய் பக்கமே போகவில்லை.

சங்கிலி. 8 மில்லிமீட்டர் நீளக்கண்ணிச் சங்கிலி, 30 அடி, 12 கிலோ, 1,320 ரூபாய். இரண்டாம் நாளே சின்னவளின் சுண்டுவிரல் தோல் கண்ணிகளுக்கு நடுவில் மாட்டிக் கிள்ளிவிட்டது. சிவந்ததோடு சரி. என் மனைவி அன்றிரவே பெரியவளுக்குப் போட முடியாமல் குட்டையாகிப்போன இரண்டு பருத்திப் பாவாடைகளைப் பிரித்து, உள்ளே பழைய போர்வைத் துணி வைத்து, மூன்றரை அடி உயரத்துக்கு நாலு உறைகள் தைத்துவிட்டாள். மயில் போட்ட பாவாடை பெரியவள் பக்கம், புள்ளி போட்டது சின்னவள் பக்கம். கடையில் என்ன விலை கொடுத்தாலும் அது கிடைக்காது.

உயரம்தான் பெரிய பாடம். நாற்காலி உயரம் என்று நினைத்துப் பலகையைத் தரையிலிருந்து 18 அங்குலத்தில் நிறுத்தியிருந்தேன். எனக்கும் மனைவிக்கும் அருமையாக இருந்தது. சின்னவளால் ஏற முடியவில்லை. ஏற்றிவிட்டால் கால் அந்தரத்தில் தொங்கும். ஆட வேண்டுமென்றால் "அப்பா தள்ளு" என்று யாரையாவது கூப்பிட வேண்டும். நாலு நாள் பார்த்தேன். தூளிக்குள் தானே ஏறி, தானே ஆடி, தானே ஒளிந்துகொண்ட குழந்தை, இங்கே ஒவ்வொன்றுக்கும் கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாருக்காகச் செய்தேனோ அவள் அளவை எடுக்கவில்லை. டேப்பை எடுத்து இருவரையும் உட்காரவைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால்வரை அளந்தேன். சின்னவளுக்கு 10 அங்குலம், பெரியவளுக்குப் பன்னிரண்டரை. 13 அங்குலத்தில் வைத்தால் பெரியவளுக்குப் பாதம் ஏறக்குறைய படும். சின்னவள் விளிம்புக்கு வந்தால் கால் விரல் தரையைத் தொடும், உந்திக்கொள்ளலாம். அதற்குக் கீழே போனால் எங்கள் முழங்கால் மார்பில் இடிக்கிறது. 13 என்று முடிவானது.

மூன்றாவது முறைக்கு லேத் பட்டறையில் புதுப் பிடிப்புகள் செய்தேன். கர்டரின் அடித்தட்டைக் கவ்வும் 10 மில்லிமீட்டர் தகடு, 20 மில்லிமீட்டர் முளை, நடுவில் உராய்வைத் தாங்க வெண்கலக் கலவையில் (கன் மெட்டல்) ஒரு புஷ். இரண்டும் சேர்த்து 1,900. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார், உண்மைதான். ஒவ்வொரு சங்கிலியின் அடியிலும், திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் டர்ன்பக்கிள் ஒன்று வைத்தேன். ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வரும்வரை நாலையும் கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்பி, கடைசித் தீர்ப்பைக் கோலிக்குண்டுக்கு விட்டோம். இவற்றுக்கும், சங்கிலியை மாட்டும் ஷேக்கிள் கொளுவிகள், ஐ போல்ட்டுக்கும் 860. கால் வீசும் தூரம் எவ்வளவு என்று பார்த்து, முன்னும் பின்னும் மூன்றரை அடியில் என் மனைவி தரையில் வெள்ளைப் பெயின்டால் கம்பிக்கோலம் போட்டுவிட்டாள். ஆடும்போது யாரும் கோலத்துக்குள் வரக் கூடாது. கத்திச் சொல்லியும் கேட்காத சின்னவள், கோலத்தை மிதிக்க மாட்டாள்.

அன்றிரவு எல்லோரும் ஏறி ஆடினோம். சுத்தமாகச் சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சின்னவள் மேலே பார்த்துவிட்டு, "ஊஞ்சல் ஏன் பாட மாட்டேங்குது?" என்றாள். அந்தக் கிரீச்சை அவள் பாட்டு என்று வைத்திருக்கிறாள். பிறகு அவளே முன்னால் போகும்போது ஒரு "கிரீ", பின்னால் வரும்போது ஒரு "ச்" என்று வாயால் போட்டுக்கொண்டு, நாலைந்து நிமிடத்தில் என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பெரியவள் காலால் உந்துவதை நிறுத்தவில்லை.

ஒரு மாதம் ஆகிறது. காலையில் 7 மணிக்கு ஊஞ்சல் தலை பின்னும் இடம். நான் பலகையில், பெரியவள் எனக்கு முன்னால் தரையில் முக்காலி போட்டு. மூன்று பிரி எடுத்துப் பின்ன இந்த ஒரு மாதத்தில்தான் பழகினேன். இப்போது வகிடு கோணாமல் வருகிறது. மாலையில் அது பாபநாசம் பஸ். பெரியவள் நடத்துநர், சின்னவள் ஓட்டுநர், நான் எப்போதும் நின்றுகொண்டே வரும் பயணி. தஞ்சாவூரில் சிலர் இறங்கினால்தான் எனக்கு இடம் கிடைக்கும். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் காவிரிக்குக் கும்பிட்டு வந்து, தேங்காய்ச்சாதமும் எலுமிச்சைச்சாதமும் ஊஞ்சலில் வைத்தே சாப்பிட்டோம். அன்று வந்திருந்த என் அம்மா தமிழாசிரியையாக இருந்தவர். "பெண்பால் பிள்ளைத்தமிழ்ல கடைசிப் பருவம் ஊசல்தான்டா. அதோட பிள்ளைப் பருவம் முடிஞ்சுடும்" என்றார். பலகையின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் கையில் சோற்றோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் இன்னொரு கவளம் உருட்டிக் கொடுத்தேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, 13 அங்குலத்திலிருந்து எழுந்திருக்க முடியாது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இரண்டு அங்குலம். ஷேக்கிளைக் கழற்றி இரண்டு கண்ணி மேலே போட்டால் 17. ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்க்க வேண்டாம் என்று பெரியவள் தன் நகப்பூச்சால் அடையாளம் வைத்துக் கொடுத்தாள்: சிவப்பு 13, ரோஸ் 15, ஊதா 17.

மறுபடி செய்தால் மாற்றுவது என்ன என்றால், சங்கிலியை மேலிருந்தே இரண்டாக விரிக்காமல், பலகைக்கு நாலடி மேல்வரை ஒற்றையாக இறக்கி அங்கிருந்து பிரிப்பேன். ஏறக்குறைய மூன்று கிலோ இரும்பு மிச்சமாகும், தலைப்பக்கம் நெருக்கடியும் இருக்காது. கர்டரைத் தூக்குமுன் காகிதத்தில் வரைவேன். பலகையைத் தொடுமுன் காந்தம். எல்லாவற்றுக்கும் முன்னால், சின்னவளின் முழங்காலை அளப்பேன்.

நேற்று பெரியவள் பலகையில் உட்கார்ந்து பாதத்தை நன்றாகத் தரையில் ஊன்றிக் காட்டினாள். ஒரு மாதத்துக்கு முன் குதிகால் தூக்கியிருந்தது. "நான் ரோஸுக்கு வந்துட்டேன்ப்பா, மேல ஏத்துங்க" என்றாள். சின்னவள் உடனே சிவப்புக் கண்ணியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "வேண்டாம், பாப்பாவுக்கு இன்னும் எட்டல." பெரியவள் தங்கையின் காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி, அவ வர்றவரைக்கும் சிவப்புலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.